ஒரு வாரம் தாங்கும்

"கெட்டி கிரீஸா அடைச்சுடுங்க அக்கா. வண்டி திரும்பும்போது கடகடன்னு சத்தம்," என்றான் ஃபோர்துனாதோ.

காருக்கு அடியில், பள்ளத்துக்குள் நின்றிருந்த மெக்கானிக் நெலிதா பெருமூச்சு விட்டாள். "சக்கரத்து ஜாயின்ட்டே தேஞ்சுபோச்சு. கிரீஸ் ஒரு வாரம் சத்தத்தை மறைக்கும். அப்புறம் பொதோசி மலைப்பாதையில நடுவழியில நிக்கும்."

"ஒரு வாரம் போதும். நாளைக்கு வித்துடுவேன்."

"ஏமாந்தவன் யாரு?"

"எவுலோகியோ வாத்தியார். காருக்கு நாலு சக்கரம்னு மட்டும்தான் தெரியும். பெண்டாட்டியைப் பிரசவத்துக்குக் கூட்டிட்டுப் போகணுமாம். அவளுக்குத் தெரியாம வாங்கி அசத்தப் போறாராம்."

நெலிதா கிரீஸ் டப்பாவை மூடி வைத்தாள். நிறைமாத வயிற்றைத் தாங்கியபடி பள்ளத்திலிருந்து மெல்லப் படியேறி வந்தாள்.

"போய்ப் புது ஜாயின்ட் வாங்கிட்டு வா தம்பி. சீக்கிரம் வா. வாத்தியாருக்கு நான் போய்த்தான் சமைக்கணும்."