முகம் தெரியணும்

"துண்டை எடுப்பா. போட்டோல முகம் தெரியணும்ல?"

செல்போனும் கையுமாக நின்றவர் இதை மூன்றாவது முறையாகச் சொன்னார். அவன் எடுக்கவில்லை. தலையையும் முகத்தையும் சேர்த்துச் சுற்றியிருந்த துண்டைக் கண்வரைக்கும் இழுத்துவிட்டுக்கொண்டான்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம். பூட்டியிருந்த பெயிண்ட் கடை வாசலில், தெருவில் படுத்துக் கிடப்பவர்கள் பதினோரு பேரை வரிசையாக உட்கார வைத்திருந்தார்கள். பின்னால் ஒரு பேனர். அதில் போர்வை சின்னதாகவும் கொடுப்பவர்களின் முகங்கள் பெரிதாகவும் இருந்தன. பத்துப் பேர் போர்வையை வாங்கிக்கொண்டு, காட்டிய பக்கம் பார்த்துச் சிரித்துவிட்டுப் போய்விட்டார்கள். இவன் ஒருவன்தான் முரண்டு பிடித்தான்.

பக்கத்தில் அவன் மனைவி சுருண்டு படுத்திருந்தாள். மூன்று நாளாகக் காய்ச்சல். இருந்த ஒரே போர்வையும் நேற்று மழையில் தொப்பலாக நனைந்துவிட்டது. இருமல் வந்தால் உடம்பு முழுவதையும் தூக்கிப் போட்டது.

"சார், போர்வை மட்டும் குடுங்க. போட்டோ வேணாம்."

"அதெப்படி? பணம் போட்டவங்க கேக்க மாட்டாங்களா?"

"அப்ப என் சம்சாரத்த எடுத்துக்குங்க."

"அவங்களால எந்திரிச்சு உக்காரவே முடியல. படத்துல பாக்க நல்லாவா இருக்கும்?"

அவன் பிச்சைக்காரன் இல்லை. அவனுக்கு ஒரு வேலை இருந்தது. குடியிருந்த வீட்டைப் புதுசாகக் கட்டப் போகிறோம் என்று இடித்துவிட்டார்கள். இன்னொரு வீட்டுக்கு அட்வான்ஸ் கொடுக்க வக்கில்லாமல் இந்த வாசலுக்கு வந்து நான்கு மாதம் ஆகிறது. விடியுமுன் பொதுக் குழாயில் குளித்து, இஸ்திரி போடுபவரிடம் கொடுத்து வைத்திருக்கும் உடுப்பை மாட்டிக்கொண்டு, யோக்கியனாக வேலைக்குப் போய்விடுவான். அங்கே எழுதிக் கொடுத்திருப்பது மச்சான் வீட்டு விலாசம். தெருவில் படுக்கிறவன் என்று தெரிந்தால் அன்றைக்கே சீட்டு கிழிந்துவிடும். அங்கே கூட்டிப் பெருக்கும் அம்மாவுக்குப் போன வருஷம் அப்படித்தான் கிழிந்தது. திருடிவிடுவாளோ என்று பயமாக இருக்கிறதாம்.

இந்த வேலையும் போனால், அப்புறம் நிஜமாகவே கையேந்த வேண்டியதுதான்.

தர்மம் செய்கிறவர்களுக்கு அவசரம் அதிகம். இன்னும் இரண்டு தெரு பாக்கி இருந்தது. தாமதமாவதைப் பார்த்து, அமைப்பின் தலைவியான மேடம் காரிலிருந்து இறங்கி வந்தார். அவன் தலை தானாகக் குனிந்தது.

"என்ன பிரச்சினை இங்க?"

"முகத்தக் காட்ட மாட்டேங்கறான் மேடம்."

"ஏன், போலீஸ் ஏதாவது தேடுதா?"

கூட வந்த பெண்கள் சிரித்தார்கள்.

"அதெல்லாம் இல்லீங்கம்மா," என்றான் அடித்தொண்டையில்.

"கை கால் நல்லாத்தானே இருக்கு? ஓசில வாங்க வெக்கமா இருந்தா உழைச்சு சாப்பிடணும். குடுக்கற எங்களுக்கே இல்லாத கூச்சம், வாங்கற உனக்கு எதுக்கு?"

அவன் துண்டை இன்னும் இறுக்கிக்கொண்டான்.

"விடுங்க. அந்தப் போர்வைய வண்டில வைங்க. நன்றி இருக்கறவங்க யாருக்காவது குடுக்கலாம்," என்று மேடம் திரும்பினார்.

"என்னங்க..." என்றாள் படுத்திருந்தவள். "ரொம்பக் குளுருதுங்க."

அவன் துண்டை அவிழ்த்தான்.

"அப்படி வா வழிக்கு!" மேடம் அவனை எழுந்து நிற்கச் சொன்னார். பக்கத்தில் வந்து அவன் தோளில் போர்வையைப் பிடித்தார். "நிமிரு. என்னைப் பாரு."

பார்த்தான். நேருக்கு நேர், ஒரு முழ இடைவெளியில். மேடத்தின் புருவம் சுருங்கியது. வாய் எதையோ சொல்லத் திறந்தது.

"சிரிப்பா," என்றார் மேடம்.

சிரித்தான். எதற்கும் இருக்கட்டும் என்று இரண்டு படம் எடுத்தார்கள்.

வேலை போனது போனதுதான் என்று முடிவு கட்டிக்கொண்டு, போர்வையை மனைவியின் கழுத்துவரை இழுத்துப் போர்த்திவிட்டான். அவள் மூன்று நாளுக்குப் பிறகு அசந்து தூங்கினாள். அதுபோதும் என்று தன்னைத்தானே தேற்றிக்கொண்டாலும், நாளைக்குப் போவதா, போகாமலே நின்றுவிடுவதா என்று மனசு கிடந்து அடித்துக்கொண்டது. வர வேண்டாமென்று சொல்லி அனுப்பட்டும், அதுவரைக்கும் போவோம் என்று காலையில் கிளம்பிவிட்டான்.

திங்கட்கிழமை காலை ஒன்பதரை மணி. மேடம் தன் தோழியோடு அலுவலகக் கட்டடத்தின் லிஃப்டுக்குள் வந்தார்.

"குட் மார்னிங் மேடம்," என்றான் அவன், மூன்று வருஷமாகச் சொல்வதுபோலவே. மூன்று வருஷமாக அழுத்துவதுபோலவே, அவர் சொல்லாமலே ஏழாவது மாடிக்கான பொத்தானை அழுத்தினான்.

மேடம் தோழியிடம் செல்போனை நீட்டினார். "நேத்து சொன்னேன்ல, அந்த ஆளு இவன்தான். ஒரு போர்வை வாங்கறதுக்கு என்னா திமிரு!"

"பார்த்தாலே தெரியுதே, சரியான திருட்டு முழி," என்று தோழி உச்சுக்கொட்டினார்.

லிஃப்ட் மெதுவாக ஏறியது. மேடம் செல்போனை அவன் பக்கம் திருப்பி, முகத்துக்கு நேராகக் காட்டினார்.

"நீயே பாருப்பா. நீயெல்லாம் கௌரவமா உழைச்சு சாப்பிடற ஆளு. இந்த மாதிரி ஆளுங்களுக்கு இரக்கப்படலாமா, நீயே சொல்லு."

படத்தில் மேடத்துக்குப் பக்கத்தில், தோளில் போர்வையோடு, அவன் சிரித்துக்கொண்டிருந்தான்.

"கூடாதுங்க மேடம்," என்று சொல்லிவிட்டு, ஏழாவது மாடியில் கதவைத் திறந்துவிட்டான்.