குழைந்த சாமை

பதிவுத் திருமணம் முடிந்த மறுநாள் காலை பூங்கோதை அடுக்களைக்குள் வந்தபோது, சிவஞானம் அதற்குள் சாமையைக் கழுவிக் கரண்ட் குக்கரில் போட்டு மூடியிருந்தார்.

"நீங்க உக்காருங்க" என்று நாற்காலியை இழுத்துப் போட்டார்.

இறந்துபோன முதல் கணவனின் வீட்டில், சமையல் முடியாமல் அவள் உட்கார்ந்ததே இல்லை. கைகளை என்ன செய்வதென்று தெரியாமல் மடியில் வைத்துக்கொண்டாள்.

"எத்தன விசில் விடணும்?"

"இது விசில் அடிக்காது. வெந்ததும் தானா நின்னுரும்."

ஒரு சத்தமும் இல்லாமல் அடுப்படி இருப்பது அவளுக்குப் புதிதாக இருந்தது. ஆவி அடங்கியதும் அவர் மூடியைத் திறந்தார். சாமை உதிரியாக இல்லை. களிபோலக் குழைந்து கிடந்தது. யார் வைதாலும் வாங்கிக்கொண்டே பழகியவள், தன்னையறியாமல் தோள்களைக் குறுக்கிக்கொண்டாள்.

சிவஞானம் ஒரு கரண்டி எடுத்து ஊதி வாயில் போட்டுப் பார்த்தார். "நான்தான் தண்ணிய ஜாஸ்தி ஊத்திட்டேன். மோர் விட்டுக் கரைச்சுக் குடிச்சிரலாமா?"

அவள் தலையாட்டினாள். கரைத்து டம்ளரில் நீட்டினார். அவள் ஒரு வாய் குடித்தாள்.

"உப்பும் பத்தல" என்றாள். சொன்ன பிறகுதான் தான் சொன்னது அவளுக்கே உறைத்தது.

"அப்படியா?" என்று அவர் உப்பை எடுக்கத் திரும்பினார்.