கதவு ரப்பர்

“ஏங்க, ஆறு மணிக்கு ரயில். இப்பப் போய் கார்ல உக்காருன்னா என்ன அர்த்தம்?”

“பத்தே நிமிஷம். நீ போயிட்டா எனக்கு உதவிக்கு வேற யாரு இருக்கா?” என்றார் பல் டாக்டர்.

மனைவி, கட்டி வைத்த பெட்டியை ஒரு முறை திரும்பிப் பார்த்துவிட்டுக் கார் ஷெட்டுக்கு வந்தாள். வெளியூரில் இருக்கும் மகளின் வீட்டுக்குக் கிளம்பியிருந்தாள். போவதற்கு மட்டும்தான் டிக்கெட். திரும்பி எப்போது வருவாய் என்று அவரும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை.

போன மாதம் அவளுக்குக் கண் ஆபரேஷன். ஆஸ்பத்திரி வாசலில் இறக்கிவிட்டவர், பார்சல் ஆபீஸிலிருந்து போன் வந்ததும் “இதோ வந்துடறேன்” என்று கிளம்பினார். வந்திருந்தது, காருக்காக அவர் வரவழைத்த இந்தக் கதவு ரப்பர்தான். அதைப் பிரித்து, நீட்டி, கதவில் வைத்துப் பார்த்ததில் நேரம் போனதே தெரியவில்லை. ஒரு கண்ணில் கட்டோடு அவள் தனியாக டாக்ஸி பிடித்து வீட்டுக்கு வந்து இறங்கினாள். சண்டை போட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. அவளோ மகளிடம் சொல்லி டிக்கெட் எடுத்துவிட்டாள்.

நாள் முழுக்க ஊரார் வாயைத் திறக்கச் சொல்லும் மனிதருக்கு, மன்னிப்புக் கேட்கத் தன் வாய் மட்டும் திறக்கவே இல்லை.

“நாலு நாளா உயிரை வாங்கிடுச்சு இந்தச் சனியன்,” என்று ரப்பரைத் தடவிக் காட்டினார்.

பழைய ஸ்போர்ட்ஸ் கார். இரண்டே சீட். மடித்து வந்த புது ரப்பர் விறைத்துக்கொண்டு நின்றது. வெந்நீரில் ஊறவைத்தார். சோப்புத் தண்ணீர் தடவினார். மேல் மூலையை அமுக்கினால் கீழ் மூலை எழும்பும். கீழே அமுக்கினால் மேலே பல்லை இளிக்கும். அவர் பிடுங்கிய பற்களெல்லாம் சேர்ந்து பழிவாங்குவதுபோல் இருந்தது. இன்று மதியம்தான் ஒருவழியாக இரண்டு கதவிலும் உட்கார்ந்தது. அதுவும் இடுப்பால் ஓர் இடி இடித்தால்தான் கதவு சாத்திக்கொள்ளும்.

“நான் வெளியில நின்னு பேசுவேன். கேட்டுச்சுன்னா கையைத் தூக்கு. கேக்கலைன்னா இப்படி ஆட்டு. சத்தம் நுழையற இடத்துல மழைத் தண்ணியும் நுழையும், அதான்.”

“சரி, சீக்கிரம் ஆகட்டும்.”

கண்ணாடிகளை ஏற்றிவிட்டு உட்கார்ந்தாள். அவர் கதவை இடித்துச் சாத்தினார். ரொம்பத் தாழ்வான கார். அவளுக்கு அவருடைய சட்டைப் பொத்தான்கள்தான் தெரிந்தன. அவருக்கு அவளுடைய கை மட்டும்.

“ஒண்ணு, ரெண்டு, மூணு!”

கை ஆடியது. கேட்கவில்லை.

அடுத்த மூலைக்கு நகர்ந்தார். சோதனை என்றால் சரியான சோதனையாக இருக்க வேண்டாமா? “உன் தம்பி ஒரு தண்டச்சோறு!” என்றார். தம்பியை ஒரு சொல் சொன்னால் வீட்டையே இரண்டாக்கிவிடுவாள் அவள். கை சாவகாசமாக ஆடியது.

டாக்டருக்குத் தலைகால் புரியவில்லை. அந்தச் சந்தோஷத்தில்தானோ என்னவோ, எங்கிருந்தோ தைரியம் வந்தது.

“அன்னிக்கு உன்னைத் தனியா விட்டுட்டுப் போனது தப்பு,” என்றார், மூன்றாவது மூலையில் நின்றுகொண்டு.

கை ஆடியது.

“தப்பு முழுக்க என்னோடதுதான். மன்னிச்சிடு.”

கை ஆடவில்லை. கதவைக் கொஞ்சமாகத் திறந்து, “கேக்கலைங்க. இன்னும் கொஞ்சம் சத்தமாச் சொல்லிப் பாருங்க,” என்றாள். அவர் மறுபடியும் இடித்துச் சாத்தினார்.

தொண்டையைச் செருமிக்கொண்டார். “மன்னிச்சிடுன்னு சொன்னேன்! இருபத்தஞ்சு வருஷத்துல ஒரு தடவைகூடச் சொன்னதில்ல. நீ இல்லாத வீட்ல நான் என்ன பண்ணுவேன்? போகாதே!”

பக்கத்து வீட்டு ஜன்னல் ஒன்று திறந்து மூடியது. காருக்குள் கை மெதுவாக ஆடியது.

இறங்கி வந்தவள், “துளிகூடச் சத்தம் வரல. நாலு நாள் பாடு வீண் போகல,” என்றாள். முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. மணி என்ன என்று கேட்டுக்கொண்டே வீட்டுக்குள் போய்விட்டாள்.

ரப்பர் இவ்வளவு நன்றாகப் பொருந்தியதற்காக வாழ்க்கையில் முதல் தடவையாக வருத்தப்பட்டார் டாக்டர். பின்னாலேயே போய் நேருக்கு நேர் சொல்லிவிடலாமா? நினைத்தபோதே நாக்கு ஒட்டிக்கொண்டது. போகும்போது பெட்டியையாவது தூக்கிக் கொடுக்க வேண்டும் என்று எண்ணிக்கொண்டு, காருக்குள் ஏறி உட்கார்ந்தார். இரண்டு கதவையும் இறுகச் சாத்திக்கொண்டார். கொஞ்ச நேரம் யார் கண்ணிலும் படாமல் இருந்தால் தேவலை.

ஷெட்டுக்கு எதிரே சமையலறை ஜன்னல். மனைவி போனைக் காதில் வைத்துக்கொண்டு நின்றாள்.

“காலைல ஸ்டேஷனுக்கு வராதடி, நான் வரல. டிக்கெட்டை ரத்து பண்ணிடு... ஆமா, சொல்லிட்டாரு. உங்கப்பாவேதான். நல்லாச் சத்தமாவே சொன்னாரு.”

மூடிய காருக்குள் உட்கார்ந்திருந்த டாக்டருக்கு, அவள் பேசியது ஓர் எழுத்து விடாமல் கேட்டது.