இருபத்தாறாம் நம்பர் டப்பா

“இது உங்க டப்பா இல்லையே.”

சிஸ்டர் ஜாஸ்மின் மாத்திரை டப்பாவைத் திருப்பி, ஒட்டியிருந்த சீட்டைக் காட்டினாள். இருபத்தாறு. கன்னியப்பன் நம்பர் இருபத்தைந்து.

கன்னியப்பன் தலையைச் சொறிந்தார். மாதனூர்க்காரர். ஷூ கம்பெனியில் முப்பது வருஷம் நின்றே வேலை பார்த்து முட்டி போனவர்.

“இருபத்தாறு யாருதுன்னு தெரியுமா?”

“நம்ம வாஹித் பாஷா பாயோடது.”

“வெளிய பெஞ்சுல உக்காந்திருக்காரே, அவரா?”

“ஆமா சிஸ்டர். ஒரே கம்பெனி. ஒரே பஸ்.”

“ஒரே டப்பாவா?”

கன்னியப்பன் முட்டியைத் தடவிக்கொண்டார்.

ஜாஸ்மினுக்குச் சுருக்கென்றது. முட்டிவலிக்கு வந்த புது மருந்து. எலிக்குக் கொடுத்து, நோயில்லாதவர்களுக்குக் கொடுத்துப் பார்த்து, இப்போதுதான் நோயாளிகளிடம் வந்திருக்கிறது. பாதிப் பேருக்கு மருந்து. மீதிப் பேருக்கு அதே நிறத்தில் மாவு மாத்திரை. யாருக்கு எது என்று டாக்டருக்கே தெரியாது. கடைசியில் ஒப்பிட்டுப் பார்த்தால்தான் மருந்தின் லட்சணம் தெரியும். நடுவில் இந்த ஆள் புகுந்து குட்டையைக் குழப்பியிருக்கிறார்.

“தெரியாம மாறிடுச்சா?”

“இல்ல. நான்தான் மாத்தினேன். போன மாசம், இங்கேர்ந்து திரும்பறப்போ. பஸ்ஸு பள்ளிகொண்டா தாண்டினா பாய் தூங்கிடுவாரு.”

“தூங்கற மனுசன் பையில கை வெச்சீங்க.”

“இன்னிக்கு வர்றப்போ திருப்பி வெச்சிடலாம்னுதான் இருந்தேன். பாவி மனுசன் கண்ணே மூடல. வழியெல்லாம் மருமகன் கதை. ஒரே பேஜாராப் போச்சு.”

ஜாஸ்மினுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டாள்.

“சரியான மருந்து சரியான ஆளுக்குப் போகணும். நர்சிங் பொண்ணுங்களுக்கு முதல் நாளே சொல்லித் தர்றேன், புரிஞ்சுக்குதுங்க. உங்களுக்குத் தலை நரைச்சும் புரியல. ரெண்டு பேரையும் சோதனையிலேர்ந்து எடுத்துடுவாங்க. அவருக்கும் மாத்திரை கிடையாது, தெரியுமா?”

கன்னியப்பனின் முகம் அப்போதுதான் மாறியது.

“என்னை எடுத்துடுங்க. பாயை விட்டுடுங்க சிஸ்டர். அவருக்கு ஒண்ணும் தெரியாது.”

“திருடறப்போ இது தோணலையா?” அவருடைய சோதனை அட்டையை இழுத்தாள். “முட்டிவலி இப்போ பத்துக்கு எத்தனை?”

“எட்டு.”

எழுதப்போனவள் நிறுத்தினாள். போன மாத வரியில் இரண்டு என்று இருந்தது. அவள் கையெழுத்துதான்.

பாஷாவின் அட்டையை எடுத்துப் பார்த்தாள். போன மாதம், எட்டு.

“உங்க மாத்திரைதான் நல்லாக் கேட்டிருக்கே. அப்புறம் எதுக்கு அவரோடதைத் திருடினீங்க?”

“நான் எடுத்தது மாவு, சிஸ்டர்.”

ஜாஸ்மின் பேனாவை மூடினாள்.

“டாக்டர்கிட்ட சொல்லித்தான் ஆகணும்.”

“டாக்டர்கிட்ட சொல்லுங்க. பாய்கிட்ட வேணாம்.” கன்னியப்பன் ஜன்னல் வழியே பெஞ்சை எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைக் குறைத்தார். “ஆறு மாசமா மசூதில நாற்காலி போட்டுத்தான் தொழுதாரு. பத்து நாளாதான் மண்டி போடறாரு. புடிவாதக்காரரு. என் மாத்திரைன்னு தெரிஞ்சா, மறுபடியும் நாற்காலியை இழுத்துப் போட்டுக்குவாரு.”