கணக்கில் வராத போன்

கணவன் அகிலனைத் தவிர வேறு யாரும் கூப்பிட முடியாத போன் அது. அன்று காலை அதில் வேறு ஒரு எண் ஒளிர்ந்ததும், விஷாகா கையிலிருந்த தோசைக்கரண்டியைக் கீழே வைத்துவிட்டாள்.

"மிஸஸ் விஷாகா? நான் இஸ்ரத். உங்க ஹஸ்பண்ட் ஆபீஸ், ஐ.டி. டிபார்ட்மென்ட்." குரலில் துளி ஈரம் இல்லை. "உங்க கையில இருக்கறது எங்க கம்பெனி போன். இன்னிக்கே திருப்பித் தரணும்."

விஷாகா அடுப்பை அணைத்தாள். இது அகிலன் வைக்கும் சோதனையோ? போன மாதம் எதிர் வீட்டு ஆன்ட்டியின் போனை வாங்கி, திருச்சியில் இருக்கும் அம்மாவோடு இரண்டு வார்த்தை பேசியது தெரிந்து அவன் ஆடிய ஆட்டம் இன்னும் அவள் முழங்கையில் வலித்தது.

அகிலனுக்கு வேலையே அதுதான். கம்பெனி தன் ஆட்களுக்குக் கொடுக்கும் லேப்டாப், போன் அத்தனையையும் ஒரே இடத்தில் உட்கார்ந்தபடி கட்டுப்படுத்துவது. எதில் எந்த ஆப் இருக்கலாம், யாரோடு பேசலாம், இப்போது எந்தத் தெருவில் இருக்கிறது என்பதெல்லாம் அவன் திரையில் தெரியும்.

கல்யாணமாகி நியூ ஜெர்சிக்கு, மான்மவுத் ஜங்ஷனுக்கு, வந்த வாரமே அப்படி ஒரு போனை அவளிடம் கொடுத்தான். அவள் கொண்டுவந்த போனை வாங்கி வைத்துக்கொண்டான். பாஸ்போர்ட்டையும்.

"ஒரே ஒரு நம்பர்கூடத்தான் பேச முடியும்னு லாக் பண்ணின போன் எங்க சிஸ்டத்துலயே இது ஒண்ணுதான்," என்றாள் இஸ்ரத். "அந்த லாக்கை இங்கேர்ந்து எடுத்துட்டுத்தான் கூப்பிடறேன். வீட்டை விட்டு நகராத போனும் இது ஒண்ணுதான். யாரு அப்ரூவல் குடுத்தா?"

"எனக்கு ஒண்ணும் தெரியாதுங்க. அவர்தான்..."

"ஆடிட் நடக்குது. வேலை பாக்காதவங்க கையில கம்பெனி போன் இருந்தா அவங்க யாருன்னு வெரிஃபை பண்ணணும். ஒரிஜினல் பாஸ்போர்ட் வேணும். உங்க குழந்தையோட டேப்லெட்டும் எங்க பேர்ல ரிஜிஸ்டர் ஆகியிருக்கு. அதனால குழந்தையோட பேப்பர்ஸ் எல்லாம் கொண்டு வாங்க, குழந்தையையும் கூட்டிட்டு வாங்க. கொஞ்ச நேரத்துல உங்க பார்க்கிங் லாட்ல இருப்பேன்."

போன் வைத்த அடுத்த நிமிடமே அகிலன் கூப்பிட்டான். ஆபீஸ் வேலையாக டாலஸ் போயிருந்தவன், இரவு விமானத்தில் திரும்ப வேண்டும்.

"இஸ்ரத் கூப்பிட்டாளா? எனக்கும் மெயில் அனுப்பியிருக்கா." அவன் குரல் நடுங்கி அவள் கேட்டதே இல்லை. "என்ன கேட்டா?"

"பாஸ்போர்ட் கேக்கறாங்க. என்னுது, மாளவிகாவோடது. முடியாதுன்னு சொல்லிடட்டுமா?"

"லூசா நீ? முடியாதுன்னா டவுட் வரும். எனக்கு வேலை போச்சுன்னா கிரீன் கார்டும் போச்சு. போய் லாக்கரைத் திற, நம்பர் சொல்றேன்."

அவன் பிறந்த நாள், கல்யாண நாள், மாளவிகா பிறந்த நாள் எல்லாவற்றையும் அவள் திருட்டுத்தனமாகப் போட்டுப் பார்த்திருக்கிறாள். அவன் சொன்னது, கார் வாங்கிய தேதி.

"கேட்டா மட்டும் வாயைத் திற. போன் நேத்துதான் குடுத்தேன்னு சொல்லு. பாஸ்போர்ட்டைக் காட்டிட்டு, மறுபடி உள்ள வெச்சுப் பூட்டு. மீதியை ராத்திரி வந்து பேசிக்கறேன்."

அந்தக் கடைசி வார்த்தை விஷாகாவுக்குப் புரிந்தது. ஆபீஸில் யார் என்ன கண்டுபிடித்தாலும் பதில் சொல்லப்போவது அவள் உடம்புதான்.

பாஸ்போர்ட்டுகளைக் கையில் வைத்துக்கொண்டு வாசல் கதவை ஒரு கணம் பார்த்தாள். போனால் எங்கே போவது? கார் ஓட்டத் தெரியாது. கையில் ஒரு டாலர் இல்லை. போனை எடுத்துக்கொண்டு போனால் அது காட்டிக்கொடுக்கும். வைத்துவிட்டுப் போனால், எடுக்கவில்லையே என்று அவனே தேட ஆரம்பித்துவிடுவான்.

மாளவிகாவை இடுப்பில் தூக்கிக்கொண்டு படியிறங்கினாள்.

சாம்பல் நிறக் காருக்குப் பக்கத்தில் இஸ்ரத் நின்றிருந்தாள். தலையைச் சுற்றி முக்காடு, கழுத்தில் ஆபீஸ் அட்டை, கையில் திறந்த லேப்டாப். சிரிக்கவில்லை. போனையும் டேப்லெட்டையும் வாங்கி காரின் மேல் வைத்தாள். பாஸ்போர்ட்டில் இருந்த போட்டோவையும் விஷாகாவின் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள்.

அதற்குள் போன் அடித்தது. அகிலன். விஷாகா அதை எடுக்கப் போனாள். இஸ்ரத் அவளைத் தடுத்து, லேப்டாப்பில் ஏதோ தட்டினாள். அடித்துக்கொண்டிருந்த போன் அப்படியே அணைந்து கறுத்துப்போனது.

"ஐயோ, எடுக்கலைன்னா அவருக்குக் கோவம் வரும்!"

"இனிமே எடுக்க முடியாது. எங்க சிஸ்டத்துலேர்ந்து இந்த போனைத் தூக்கியாச்சு."

இஸ்ரத் பாஸ்போர்ட்டுகளைத் திருப்பிக் கொடுத்தாள். கொடுத்தவள், விஷாகாவின் விரல்களை மடக்கி அவற்றின் மேல் அழுத்திவிட்டாள்.

விஷாகாவுக்குக் கண்ணை முட்டிக்கொண்டு வந்தது. "மேடம், ஆடிட்டுக்கு நான் எங்கயாவது கையெழுத்துப் போடணுமா? அவர் வந்து கேப்பாரு."

இஸ்ரத் பதில் சொல்லாமல் காரின் பின்கதவைத் திறந்தாள். உள்ளே குழந்தைகளுக்கான கார் சீட் ஒன்று, கடை ஸ்டிக்கர்கூடப் பிரிக்காமல், இறுக்கிக் கட்டப்பட்டிருந்தது.

"ஆடிட்டே கிடையாதும்மா. குழந்தையை உக்கார வை, போலாம்."