வெள்ளக்காவை வழியனுப்பிய விழா

ரயில் வந்து நின்ற பிறகும் செயலாளர் மாதேஸ்வரன் பேச்சை முடிக்கவில்லை.

பொம்மிடி ஸ்டேஷன் அப்படியொரு கூட்டத்தைக் கண்டதில்லை. சர்வதேச மாணவர் பரிமாற்றச் சங்கத்தின் தர்மபுரிக் கிளை தன் மாபெரும் வெற்றியைக் கொண்டாடிக்கொண்டிருந்தது.

லண்டனிலிருந்து ஒரு மாணவி இங்கே வருவாள், இங்கிருந்து ஒரு மாணவி அங்கே போவாள் என்று 1939-இல் ஏற்பாடு. ராகிப் பயிரை ஆராய வினிஃப்ரெட் வந்து சேர்ந்தாள். டாக்டருக்குப் படிக்க இண்டூர் ஜானகி கிளம்புவதற்குள் யுத்தம் வந்துவிட்டது.

பரிமாற்றத்தில் பாதிதான் நடந்தது. சங்கம் வருஷாவருஷம் முழுதாகவே கொண்டாடியது.

யுத்தம் முடியும்வரை வினிஃப்ரெட் ஜானகியின் வீட்டில்தான் இருந்தாள். ஜானகியின் ஆத்தாவிடம் களி கிண்டப் பழகினாள். குழாயடியில் பதிலுக்குப் பதில் பேசப் பழகினாள். அவள் பெயர் யார் வாயிலும் நுழையாததால் 'வெள்ளக்கா' ஆனாள்.

இப்போது மறுபடியும் கப்பல்கள் ஓடத் தொடங்கியிருந்தன. ஜானகிக்கு இன்னும் இடம் வைத்திருப்பதாக லண்டன் கல்லூரி எழுதியது.

ஆனால் சங்கத்துக்கு விதிகள் முக்கியம். காத்திருந்த காலத்தில் ஜானகி வயது வரம்பைத் தாண்டிவிட்டாளாம். அந்தக் குற்றத்தை மன்னிக்கச் சங்கத்துக்கு மனம் வரவில்லை. கப்பல் டிக்கெட் வெள்ளக்காவுக்கு மட்டும்.

செயலாளர் உலக சகோதரத்துவத்தைத் தொட்டபோது கார்டு விசில் ஊதினார்.

"ஏம்மா ஜானகி, சும்மா நிக்கறதுக்கு அந்தம்மா பெட்டிய உள்ளார கொண்டுபோயி வெய்யி" என்றார் செயலாளர்.

ஜானகி பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஏறினாள்.

கடைசி மாலைக்கு வெள்ளக்கா தலை குனிந்தாள். எல்லோரும் கைதட்டினார்கள். தட்டி ஓய்ந்தபோது ரயில் நகர்ந்துகொண்டிருந்தது.

"ஐயோ, ஏறுங்கம்மா! ஏறுங்க!"

வெள்ளக்கா அசையவில்லை. ஜன்னலில் ஜானகியின் முகம் தெரிந்தது. அழுதுகொண்டே கையாட்டினாள். இறங்கப் பார்க்கவில்லை.

செயலாளருக்கு மெல்லத்தான் உறைத்தது.

"டிக்கெட்டு உங்களுதாச்சே!"

"அது பெட்டிக்குள்ள இருக்குதுங்க. சங்கத்து மாணவின்னுதானுங்களே வாங்கியிருக்கீங்க. எம் பேரு எழுத வரலேன்னு. அவ பாஸ்போர்ட்ட மடியிலயே வெச்சிருக்கா."

"அப்ப நீங்க எப்பிடிப் போவீங்க?"

"எனக்கு எப்பிடியும் இன்னொண்ணு வாங்கிருவீங்க. வெள்ளக்காரி ஊருக்குப் போகலேன்னா கலெக்டரு கேப்பாரு. அவளுக்குன்னா நீங்க வாங்கவே மாட்டீங்க. யோசனை அவளுதுதானுங்க."

ரயில் வளைவில் மறையும்வரை வெள்ளக்கா பார்த்துக்கொண்டே நின்றாள். பிறகு மாலைகளை ஒவ்வொன்றாகக் கழற்றிச் செயலாளரின் கையில் கொடுத்தாள்.

"வண்டிய இண்டூருக்கு வுடச் சொல்லுங்க. ஆத்தா சாப்பாட்டுக்கு அவள எதிர்பாத்துட்டிருக்கும். நான்தான் போயி சொல்லணும்."