வயலில் தொங்கும் படங்கள்

முசரவாக்கம் வயலில் கிளி விரட்டக் கட்டியிருந்த சிடிகளைக் காயத்ரி அவசர அவசரமாக அவிழ்த்துக்கொண்டிருந்தாள்.

"எல்லாரும் போன்லயே வாடகைக்குப் படம் பாக்குறாங்கமா. அதான் கடையை மூடிட்டு, மொத்தத்தையும் இங்க குடுத்துட்டேன்," என்றார் சிடிக் கடை தனசேகரன். "நேத்து நீ திருப்பிக் குடுத்த படம்தானே? போன்லயே போட்டுத் தரேன், வா."

"படம் இல்லண்ணா. அந்தக் கவர்ல வேற சிடியை மாத்தி வெச்சிட்டேன். பேர் எழுதாத சிடி."

"நம்ம கடையில எதுலமா பேர் எழுதினோம்?"

முந்நூறு சிடிகள் காற்றில் ஜரிகையாக மின்னின. அவள் அப்படியே வரப்பில் உட்கார்ந்துவிட்டாள்.

"அப்போ என் படம் எங்க?" என்றார் தனசேகரன்.

"சென்னையில, ஆபரேஷன் தியேட்டர்ல, டாக்டர் முன்னால ஓடிக்கினு இருக்குதுண்ணா. என் வீட்டுக்காரர் இருதயத்தைப் படம் எடுத்த ஆஞ்சியோ சிடி, இங்க கிளிக்குப் படம் காட்டிக்கினு இருக்குது!"